டப்ளினில் தோற்ற மாத்திரை

முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்தவர்களுக்கு 1779இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் செய்த வைத்தியம் கடுமையானது. முதுகில் காரம் வைத்துப் புண்ணாக்கி, மாதக்கணக்கில் சீழ் வடியவிட்டார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882இல்தான்.

பிரான்சின் பெர்க் நகரம் கடற்காற்றையும் ஓய்வையும் நம்பியது. மல்லாந்து கிடந்த நோயாளிகள் படுத்தபடியே ஊர் சுற்ற அங்கே நீண்ட குதிரைவண்டிகள் ஓடின! நியூயார்க்கிலோ ஹிப்ஸ், ஆல்பி என்ற இருவர், 1911இல் தனித்தனியாக, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அறுவை முறையை வெளியிட்டார்கள். காசநோய்க்காகப் பிறந்த அந்த உத்திதான் இன்று வளைந்த முதுகுகளுக்கும் தேய்ந்த முதுகுகளுக்கும் உலகெங்கும் பயன்படுகிறது.

1950களில் ஹாங்காங்கில் ஹாட்சனும் ஸ்டாக்கும் உடலின் முன்பக்கமாகச் சென்று, அரித்துப்போன எலும்பை அகற்றி வேறு எலும்பைப் பொருத்தினார்கள். அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியாசிடும் வந்திருந்தன. இனி படுக்கையும் கத்தியும் எதற்கு? பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தக் கேள்வியைக் கொரியாவுக்கும் ரொடீஷியாவின் புலவாயோவுக்கும் கொண்டுபோனது. கொரியாவின் மாசானில் ஆறு மாதம் படுத்திருந்தவர்களும், வீட்டிலிருந்தே வந்து மருந்து வாங்கியவர்களும் ஒன்றுபோலவே தேறினார்கள். பிறகு சென்னையில், சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையம் ரிஃபாம்பிசினையும் ஐசோனியாசிடையும் ஆறு அல்லது ஒன்பது மாதம் கொடுத்தே பெரும்பாலோரைக் குணமாக்கியது. இந்த நெடும்பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இது. கூலி வேலைக்குப் போகும் ஒருவரால் ஆண்டுக்கணக்கில் படுத்துக்கிடக்க முடியுமா?

ஆனால் இந்த இரண்டு மருந்துக்கும் பணியாத கிருமிகள் பரவின. அப்போதுதான் ஒரு பழைய மருந்தின் நினைவு வந்தது. 1950களில் டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழு காசநோய்க்கென்றே உருவாக்கிய குளோஃபாசிமின், சுண்டெலிகளைக் காப்பாற்றியது. கினிப் பன்றிகளிடம் தோற்றது. கைவிடப்படவிருந்த அதை நைஜீரியாவில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. பல ஆண்டுகள் கழித்து, தொழுநோய்ப் பணியில் வேரூன்றிய டேமியன் அறக்கட்டளை, வங்கதேசத்தில் அதை மீண்டும் காசநோய்க்கே கொண்டுவந்தது. ஒன்பது மாதச் சிகிச்சையின் நல்ல முடிவுகள் 2010இல் வெளியாயின.

2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆறு மாதப் புதிய கூட்டு மருந்து முறை எலும்புக் காசநோயாளிகளுக்குப் பொருந்தாது. மருந்துக்கு அடங்காத கிருமி முதுகெலும்பில் இருந்தால், பெடாகுவிலின், லினிசோலிட் போன்றவற்றை இன்னும் 18 மாதம் வரையிலோ அதற்கு மேலோ சாப்பிடவேண்டியிருக்கிறது. கூடவே பெரும்பாலும் குளோஃபாசிமினும் உண்டு. அது தோலைக் கருஞ்சிவப்பாக்கும். நிறுத்திய பிறகு பழைய நிறம் மெல்லத் திரும்பும். இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.