பெக்கோக்: இருப்புப்பாதை தந்த ஊர்

ஒரு நாட்டின் வரலாறு தலைநகரங்களில் மட்டும் அடங்கியதன்று. சிற்றூர்களும் அதில் பங்குடையன. எனினும் பேரூர்களுக்கு அரசாங்க ஆவணங்கள் உண்டு. சிற்றூர்களுக்கோ முதியோர் நினைவே ஆவணம். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த பெக்கோக் அத்தகைய ஊர்களுள் ஒன்றாகும். லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே, கெமாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இவ்வூர் அமைந்துள்ளது. இதற்கு அப்பால் எண்டாவ் ரொம்பின் காடு விரிகிறது. அக்காட்டையும் அதன் ஆறுகளையும் நன்கறிந்த ஜக்கூன் மக்களே இப்பகுதியின் மூத்த குடியினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் குடியேற்றங்கள் பெரும்பாலும் ஆற்றோரங்களிலேயே தோன்றின. மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனர்கள் ஆற்று வழியாகவே உள்ளே புகுந்தனர். உள்நாட்டுக் காடு எளிதில் அணுக முடியாததாய் இருந்தது. இந்நிலையை மாற்றியது இருப்புப்பாதை. ஜொகூர் இரயில்வே பற்றிய உடன்பாடு 1904இல் செய்யப்பட்டது. கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையுள்ள பாதை 1909இல் திறக்கப்பட்டது. 1923இல் கடற்பாலத்தின் மீதும் வண்டி ஓடியபோது, சிங்கப்பூர்த் துறைமுகம் வரை ரப்பரைக் கொண்டு செல்லத் தடையற்ற வழி ஏற்பட்டது.

இருப்புப்பாதையும் ரப்பரும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. இரண்டுக்கும் ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்கென 1907இல் மலாயாவில் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றபின் கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தான். ஆகவே தோட்டத்து லயங்களில் வந்து தங்கியவர்கள் தனித்தனி ஆட்களாக மட்டும் வரவில்லை. ஊரின் ஒரு பகுதியே பெயர்ந்து வந்தது போல், உறவும் சாதியும் வழிபாடும் உடன் வந்தன.

ஆயினும் பழைய ஊருக்கும் புதிய லயத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஏழைக்கும் பெரும்பாலும் ஒரு குடிசையாவது தன்னுடையதாக இருந்தது. லயத்தில் வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போயின் வீடும் போகும். விடியற்காலைப் பிரட்டு முதல் பால் நிறுக்கும் நேரம் வரை பொழுதும் தோட்டத்துக்கே சொந்தம். இத்தகைய இடத்தில் ஊர் என்ற உணர்வு எங்ஙனம் தோன்றியது?

அதைத் தோற்றுவித்தவை பொதுக் காரியங்களே. தோட்டந்தோறும் மாரியம்மனுக்கோ முனீசுவரருக்கோ மக்கள் ஒரு கோயில் எழுப்பினர். சம்பளத்திலிருந்து கொடுத்த சிறு தொகையால் ஆண்டுத் திருவிழா நடந்தது. சாவு வீட்டுக்கு லயம் முழுவதும் தோள் கொடுத்தது. பள்ளி பெரும்பாலும் ஓரறைக் கொட்டகைதான். பல வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவரே கடிதம் எழுதித் தருபவர், நாடகம் பழக்குபவர், வழக்குத் தீர்ப்பவர். கள்ளுக்கடையும் அருகிலேயே இருந்தது. அது கூலியைக் கரைத்ததையும் வரலாறு மறைத்தல் ஆகாது. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றின. அவ்விரு நகரங்களையும் இணைத்த பாதையிலேயே பெக்கோக் இருந்தது.

பின்னர் இடுக்கண் வந்தது. 1942 சனவரியில் ஜப்பானியப் படை ஜொகூரைக் கைப்பற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். போர் முடிந்து மூன்றாண்டு கழியுமுன் 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டப்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் அடங்கின. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போகாதிருக்க, பால் வெட்டச் செல்வோரும் வாயிலில் சோதிக்கப்பட்டனர். காட்டை ஒட்டிய நடு ஜொகூரில் இந்நிலை நெடுநாள் நீடித்தது. 1960 சூலை 31இல்தான் அவசரகாலம் முடிவுற்றது.

வேலி நீங்கியும் கவலை நீங்கவில்லை. விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். துண்டாடப்பட்ட இடங்களில் தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதன் விளைவேயாகும். நிலம் இல்லாத ஊர் நிலைக்காது என்ற உண்மையை அம்முயற்சி உணர்த்திற்று.

பிற்காலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை எழுந்தது. இளைஞர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றனர். இன்று வெளியூரார் பெக்கோக்கை அறிவது, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் சிலாய் வாயிலுக்குச் செல்லும் வழியாகவும், சுங்கை பந்தாங் அருவிக்கு அருகிலுள்ள ஊராகவுமே ஆகும். காட்டுக்குக் காவல் கிடைத்தது நன்றே. ஆனால் லயங்களில் வாழ்ந்தவர் கதைக்குக் காவல் யார்?

அதற்கான சான்றுகள் முற்றும் அழிந்துவிடவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரவு செலவுக் கணக்கு, திருவிழா அழைப்பிதழ், இடுகாட்டுக் கல், பழைய நிழற்படம் ஆகியவை யாவும் வரலாற்று மூலங்களே. தோட்டம் கைமாறும்போதும் பள்ளி இடம் மாறும்போதும் முதலில் எறியப்படுபவையும் இவையே. சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு பக்கம், தந்தையின் பெயரையும் தொழிலையும் பிள்ளை பள்ளியை விட்ட நாளையும் சொல்லும். தமிழாசிரியர்கள் தம் மாணாக்கரைக் கொண்டு இவற்றைத் தேடிப் படியெடுத்து, பாட்டன் பாட்டியர் சொல்வதையும் எழுதி வைப்பராயின், பெக்கோக் போன்ற நூறு ஊர்களுக்கு வரலாறு கிடைக்கும். முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டிய பணி இது.