வரி அச்சுப்பொறிகளின் பராமரிப்பு

பெருங்கணினியோடு இணைந்து, எழுத்தெழுத்தாக அல்லாமல் வரி வரியாக அச்சிட்ட பொறி வரி அச்சுப்பொறி எனப்படும். 1959 இல் ஐ.பி.எம். தனது 1401 கணினியோடு வெளியிட்ட 1403 இவற்றுள் மிகவும் பேர்பெற்றது. உலோக எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று இதில் கிடையாக ஓடிக்கொண்டிருக்கும். 48 எழுத்துகள் கொண்ட தொகுதி ஐந்து தடவை வருவதால் சங்கிலியில் மொத்தம் 240 எழுத்துகள். வரியின் 132 இடங்களுக்கும் தனித்தனிச் சுத்தியல் உண்டு. வேண்டிய எழுத்து எதிரே வரும் கணத்தில் சுத்தியல் தாளைப் பின்னாலிருந்து அடிக்க, தாள் மைநாடாவோடு எழுத்தில் மோதிப் பதிவு விழும். நிமிடத்துக்கு 600 வரி இதன் வேகம். பின்னர் வந்த என்1 வகை 1,100 வரி அச்சிட்டது.

இந்தியாவின் முதல் 1401 கணினி 1961 இல் மும்பாயில் எஸ்ஸோ நிறுவனத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ரயில்வேயும் 1401களை நிறுவியது. சென்னைப் பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றைப் பெற்றது. 1973 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் கேட்டபடி தன் பங்குகளைக் குறைக்க மறுத்த ஐ.பி.எம். 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை 1975 இல் அரசு தொடங்கியிருந்த கணினிப் பராமரிப்புக் கழகம், அதாவது சி.எம்.சி., ஏற்றது. செய்தவர்கள் போய்விட்ட பின்னும் பொறிகள் ஓடின என்பது தெற்காசியத் தொழில்நுட்பவியலாளரின் பெரிய சாதனை. கணினி வரலாறுகளில் அதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆபத்துகள்

ஆளியை அணைத்தவுடன் வரி அச்சுப்பொறி பாதுகாப்பாகிவிடுவதில்லை. சுத்தியல்களுக்கு மின்சாரம் தரும் பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் தேங்கி நிற்கும். சங்கிலி முழுதாக நிற்கவும் சற்று நேரம் எடுக்கும். ஆகவே சுவரிலுள்ள ஆளியை நிறுத்தி, வேறொருவர் அறியாமல் போட்டுவிடாதபடி பூட்டி அறிவிப்பட்டை கட்ட வேண்டும். கொள்ளளவிகளின் மின்னழுத்தத்தை அளந்து பார்த்த பின்னரே கை வைக்கலாம். தனியாக வேலை செய்யக்கூடாது என்பதை ஐ.பி.எம். தன் பராமரிப்புப் பொறியியலாளருக்குக் கொடுத்த பாதுகாப்பு அறிவுறுத்தலிலேயே எழுதியிருந்தது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுதல், கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகுதல், பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் என்பனவும் அதில் இருந்தன. செயற்கைச் சுவாசம் கொடுக்கும் முறையையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள்.

தாளை நகர்த்துவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பகுதி. வேகமாகத் தாவும்போது தாள் நொடிக்கு ஏறத்தாழ 190 சென்ரிமீற்றர் ஓடும். அதன் ஓரம் கையைக் கீறிவிடும். கசியும் எண்ணெய் தரையில் வழுக்கும், தாள் தூசியோடு சேர்ந்தால் தீயும் பற்றும். என்1 வகையின் மூடியை மோட்டர் தூக்கும். தாள் முடிந்ததும் அது தானாகவே எழும் என்பதால் அதன்மேல் எதையும் வைக்கக்கூடாது, அதன்மேல் குனிந்து நிற்கவும் கூடாது.

தாள் தூசியை அழுத்தக் காற்றால் ஊதினால் அது சுத்தியல்களின் இடுக்கில் போய் இறுகும். உறிஞ்சி எடுப்பதே முறை. எழுத்துகளில் படிந்த மையை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைக்கலாம். பழைய கையேடுகள் சொல்லும் குளோரின் கரைப்பான்களை இன்று தொடக்கூடாது. 1970களின் இறுதிக்கு முன் செய்த எண்ணெய்க் கொள்ளளவிகளில் நச்சான பிசிபி இருக்கலாம். கசிவு தெரிந்தால் கையுறையோடு எடுத்து மூடி வைத்து, அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

யாழ்ப்பாணச் சூழல்

குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ பரவைக்கோ வெகுதூரத்தில் இல்லை. உப்புக் காற்று உருக்கு எழுத்துகளையும் மின் இணைப்பு முனைகளையும் அரிக்கும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் தாள் ஈரம் உறிஞ்சித் தடித்து, நகர்த்தும் பற்களில் சிக்கும். ஒலி அடக்க ஒட்டிய நுரைப்பஞ்சும் ஈரத்தில் சிதைந்து, பசையாகி உள்ளே உதிரும். எனவே ஈரம் நீக்கிய மூடிய அறை இல்லாமல் இத்தகைய பொறியை இங்கே வாங்கி வைப்பது அதை அழிப்பதற்குச் சமம்.

1990 முதல் போர்க்காலத் தடையால் ஆண்டுக்கணக்காக மின்சாரமும் எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டர் ஓட்டியவர்கள் நம்மவர்கள். அந்தக் கைத்திறன் மதிப்புக்குரியது. ஆனால் பியூஸ் போனால் கையில் கிடைத்த கம்பியைச் சுற்றும் வழக்கம் இங்கே உதவாது. சுத்தியலை இயக்கும் திரான்சிஸ்டர் பழுதாகி மின்சாரம் நிற்காமல் பாயும்போது, சுத்தியலின் மின்காந்தச் சுருளைக் காப்பது சரியான அளவுள்ள அந்தப் பியூஸ் மட்டுமே. தடித்த கம்பி போட்டால் சுருள் கருகும். மாற்றுச் சுருள் கிடைப்பது மிக அரிது.

மின்சாரத்தின் அதிர்வெண்ணும் கவனிக்கத்தக்கது. இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கப் பொறிகள் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை. மின்மாற்றி வோல்ற்றளவை மட்டுமே மாற்றும். அதிர்வெண் மாறாததால் மோட்டர்கள் மெதுவாக ஓடும், 60 ஹேர்ட்ஸுக்கு இசைவித்த மின்வழங்கிகள் சூடேறும். கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் இதே சிக்கலை எதிர்த்திசையில் சந்தித்தது. ஜேர்மனியிலிருந்து வாங்கிய 1401 தொகுதிக்கு அங்கே 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தைத் தனியாக ஆக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சோதனை

நெடுங்காலம் கிடந்த பொறியை முதலில் மின் இணைப்பின்றிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுகிய எண்ணெயைக் கழுவி, உரிய எண்ணெய் இட்டு, சங்கிலி தடையின்றி ஓடிய பின்னரே சுத்தியல்களுக்கு மின்சாரம் கொடுக்கலாம். தாள் இல்லாமல் ஒருபோதும் அடிக்க விடக்கூடாது. சுத்தியலின் முகமும் எழுத்தும் தேயும். பிறகு எல்லா எழுத்தும் எல்லா இடத்திலும் விழும்படி, ஒவ்வொரு வரியிலும் ஓர் இடம் தள்ளி அச்சிடும் சோதனைத் தாளை எடுக்க வேண்டும். ஒரே நிரல் முழுவதும் மங்கினால் பழுது அந்த இடத்துச் சுத்தியலில். ஒரே எழுத்து எங்கும் மங்கினால் தேய்ந்தது அந்த எழுத்து. எழுத்துகள் பக்கவாட்டில் நெருங்கியும் விலகியும் விழுந்தால் அடிக்கும் நேரம் பிசகியிருக்கிறது. சங்கிலிக்குப் பதிலாக எழுத்துகள் பொறித்த உருளை சுழலும் அச்சுப்பொறியில் இதே பிசகு எழுத்துகளை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும்.