மினிடிஸ்க்: தட்டு கெட்டி, பெட்டிதான் நோஞ்சான்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா இறங்கியது. உள்ளே பதினோரு மினிடிஸ்க்குகள். 2001-ல் சிங்கப்பூர் வேலையை விட்டுத் திரும்பும்போது வாங்கி வந்த ரிக்கார்டரில் அப்பத்தா பேசியதை, பாடியதையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறார். புனேக்குக் கொண்டுவந்து புது பேட்டரி போட்டால் ரிக்கார்டருக்கு உயிரே இல்லை. தட்டுகள் மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருந்தன.

சோனி இதை 1992 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. கேசட்டை ஒழிப்பதுதான் நோக்கம். அதே வருடம் போட்டிக்கு வந்த பிலிப்ஸின் டிஜிட்டல் கேசட் 1996-லேயே மூட்டை கட்டிவிட்டது.

தட்டு ஏன் அவ்வளவு கெட்டி? 64 மி.மீ. தட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பதியும்போது கீழிருந்து லேசர் ஒரு புள்ளியைச் சுமார் 180 டிகிரிக்குச் சூடாக்கும். மேலேயிருக்கும் காந்தத் தலை அந்தப் புள்ளியின் காந்தத் திசையை மாற்றும். ஆறியதும் அப்படியே நின்றுவிடும். அந்தச் சூடு இல்லாமல் வீட்டிலிருக்கும் காந்தம் எதுவும் அதை அசைக்காது. நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, தலையில் சிக்கிச் செத்த கேசட்டுகள் எத்தனை! இதில் நாடாவும் இல்லை, கேட்கும்போது உரசலும் இல்லை. பத்து லட்சம் தடவை அழித்து எழுதலாம் என்றது சோனி. (அவ்வளவு பேச யாருக்கு நேரம்?)

ஆனால் தட்டின் உழைப்பு வேறு, பதிவை நம்புவது வேறு. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையை மினிடிஸ்க் கடைசியில்தான் எழுதும். நிறுத்து பட்டனை அழுத்தியதும் திரையில் 'டி.ஓ.சி. எடிட்' என்று மின்னும். அந்தச் சில நொடிக்குள் பேட்டரி போனாலோ பெட்டி அடிபட்டாலோ, ஒரு மணி நேரக் கச்சேரி தட்டில் இருந்தும் இல்லாததுபோல்தான். கேசட்டில் பேட்டரி தீர்ந்தால் அதுவரை பதிந்ததாவது மிஞ்சும்.

பெட்டிகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. முதலில் வந்த எம்இசட்-1 சட்டைப்பைக்கு அடங்காத கனம். 1997-ன் எம்இசட்-ஆர்50 பலருக்கு இன்றும் செல்லம். என் ஓட்டும் அதற்கே. பிரிட்டனின் எச்எச்பி, வானொலிக்காரர்களுக்கென்றே 'போர்ட்டாடிஸ்க்'கைத் தடியாகச் செய்தது. பின்னால் வந்தவை மெலிய மெலிய நோஞ்சானாகிவிட்டன. காந்தத் தலைக்குப் போகும் மெல்லிய ரிப்பன் கேபிள் முறிந்தால் பழைய பதிவு கேட்கும், புதிதாகப் பதியாது. 2006-ல் வந்த கடைசி ரிக்கார்டர் எம்இசட்-ஆர்எச்1 பழைய பதிவுகளைக் கணினிக்கு டிஜிட்டலாகவே ஏற்றிவிடும். பெரிய வரம். ஆனால் அதன் ஓஎல்இடி திரை வருடம் போகப் போக மங்கிவிடும்.

மினிடிஸ்க் வாக்மேனை சோனி 2011 செப்டம்பரில் நிறுத்தியது. மற்ற மினிடிஸ்க் கருவிகள் 2013 மார்ச்சோடு சரி. வெற்றுத் தட்டுகளும் 2025 பிப்ரவரியில் நின்றுபோயின.

மும்பை நண்பர் ஒருவரிடம் ஆர்50 இரவல் வாங்கினேன். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர். 74 நிமிடத் தட்டுக்கு 74 நிமிடம் உட்கார வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஒன்பது தட்டு முடிந்தது. அப்பத்தா குரலுக்கு நடுவே யாரோ வெங்காயம் நறுக்குவதுகூடக் கேட்கிறது.

மீதி இரண்டில் நேரம் ஓடுகிறது, சத்தமே இல்லை. காலி என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: 2000-ல் வந்த எம்டிஎல்பி முறையில் நீளநேரமாகப் பதிந்திருந்தால் அதற்கு முந்தைய பெட்டிகளில் ஊமையாகத்தான் ஓடும். உங்கள் வீட்டிலும் அப்படித் தட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எம்டிஎல்பி படிக்கும் பெட்டி யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். கூரியர் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது.