வினை முந்தியா, பெயர் முந்தியா?

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்தேன். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நம் கம்ப்யூட்டர் லேபைப் பற்றி, அதிலும் எங்களைப் பாடாய்ப் படுத்திய வி.ஐ. எடிட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

இன்றைய மாணவச் செல்வங்கள் மவுஸால் ஒரு பத்தியை இழுத்து நீல நிறமாக்கி, ஒரே தட்டில் அழித்துவிடுகிறார்கள். எங்களுக்கு மவுஸ் ஏது? பச்சை எழுத்துத் திரை, கீபோர்டு, ஆளுக்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

கதை 1969-இல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் எழுதிய ஈ.டி. என்ற எடிட்டர், காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் காலத்துச் சரக்கு. இத்தனையாவது வரியிலிருந்து இத்தனையாவது வரி வரை அழி என்று எண் சொல்லி வேலை வாங்க வேண்டும். லண்டன் குயீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் குலூரிஸ் அதைத் திரைக்கு ஏற்றபடி கொஞ்சம் இளக்கி, சாமானியருக்கான எடிட்டர் என்று கேலியாகப் பெயரிட்டார். 1976-இல் அவர் பெர்க்லி போயிருந்தபோது அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பில் ஜாய் என்ற மாணவர். அவரும் சக் ஹேலியும் அதை வளர்த்தார்கள். அதிலிருந்து ஜாய் உருவாக்கியதுதான் வி.ஐ.

ஜாய் வைத்திருந்தது ஏ.டி.எம்.-3ஏ என்ற டெர்மினல். அதில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் வரையப்பட்டிருந்தன. கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்து ஏன் என்பதற்கு நம் சீனியர்கள் என்னென்னவோ தத்துவம் சொல்வார்கள். நிஜக் காரணம் இதுதான்! தவிர, அவர் 300 பாட் மோடத்திலும் ஓட வேண்டும் என்று எழுதினார். வினாடிக்குச் சுமார் 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் முழுத் திரைக்கு 1,920 எழுத்து; நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் தேர்ந்தெடுத்த பகுதியைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் கட்டளைகள் சுருங்கி ஒற்றை எழுத்தாயின.

அதில் ஒரு இலக்கணமே இருக்கிறது. டி என்றால் அழி, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகல் எடு. இவை வினைகள். டபிள்யூ என்றால் சொல், வலது நெளி அடைப்பு என்றால் பத்தி முடியும் வரை, எண்ணோடு பெரிய ஜி என்றால் அந்த வரி வரை. பத்து வினையும் முப்பது பெயரும் தெரிந்தால் முந்நூறு கட்டளை கைவசம். ஆனால் வினை முன்னால், பெயர் பின்னால். ஆங்கில வரிசை. நாமோ "சொல்லை அழி" என்று சொல்லிப் பழகியவர்கள். என் விரல் எப்போதும் தடுமாறியது அதனால்தானோ என்னவோ!

இறுதியாண்டில் என் அறைத்தோழன் தன் பிராஜெக்ட் புரோகிராமின் முதல் 12 வரியை எடுக்கச் சொன்னான். கர்சர் முதல் வரியில். டி, 12, பெரிய ஜி என்று தட்ட வேண்டும். நான் 12-ஐ விட்டுவிட்டேன். எண் இல்லாத பெரிய ஜி என்றால் கோப்பின் கடைசி வரை. சுமார் 600 வரி, ஒரு கணத்தில் காலி.

"டேய், எல்லாம் போச்சுடா!" என்று அவன் கத்தினான். பதற்றத்தில் ஏதேதோ தட்ட, திரையில் நாலைந்து எழுத்து விழுந்தது. பிறகு யு தட்டினேன். அந்தக் கால வி.ஐ. கடைசி ஒரு மாற்றத்தைத்தான் திருப்பும்; விழுந்த எழுத்துகள் மறைந்தன. இன்னொரு முறை தட்டினால் அவையே திரும்பி வந்தன! வெளியே போய்த் திறந்தால் பழையது கிடைக்கும் என்று நினைத்து இரண்டு பெரிய இசட் தட்டினேன். அது சேமித்துவிட்டு வெளியேறும் கட்டளை.

பழைய பிரிண்ட் அவுட்டைப் பார்த்து, லேப் நேரத்தைக் கெஞ்சி வாங்கி, இருவரும் மறுபடி தட்டினோம். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

அழிப்பதற்கு முன் எது போகப்போகிறது என்று கண்ணில் தெரிந்திருந்தால் அன்று தப்பித்திருப்பேன். இது எனக்கு மட்டும் தோன்றியதல்ல. 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி எடிட்டரில் முதலில் மவுஸால் தேர்ந்தெடு, பிறகு கட்டளை கொடு என்று வைத்தார்கள். கீபோர்டு உலகத்துக்கு அது வரத் தாமதமாயிற்று. நெதர்லாந்தின் பிராம் மூலெனார் அமிகா கம்ப்யூட்டரில் எழுதி 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டர், பின்னர் பலபடித் திருப்பலையும், வி தட்டித் தேர்வைக் கண்ணால் பார்க்கும் வசதியையும் தந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்று என்பதெல்லாம் அதில் மூன்றே தட்டு. மூலெனார் 2023-இல் காலமானார்.

2011-இல் மாக்சிம் கோஸ்ட் தொடங்கிய ககூன் எடிட்டர் வரிசையையே புரட்டிவிட்டது: முதலில் பெயர், தேர்வு திரையில் தெரியும், பிறகுதான் வினை. 2021-இல் வந்த ஹீலிக்ஸும் அப்படியே. நம் தமிழ் வாக்கியம் மாதிரி. எனக்கு அது சட்டென்று கைக்கு வந்தது.

ஒன்று பாக்கி. பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்: அழித்த வரிகளைப் பழைய வி.ஐ.யும் எண்ணிட்ட கிடங்குகளில் பத்திரமாக வைத்திருந்தது. இரட்டை மேற்கோள் குறி, 1, பி. மூன்றே விசை. இசட் தட்டும் வரை அந்த 600 வரியும் உள்ளே இருந்திருக்கிறது. போனில் அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, "இத அன்னிக்கே படிச்சிருக்கக் கூடாதாடா?" என்றான்.