டிமென்ஷியா: மருத்துவர் எழுதும் பெயருக்கு என்ன பொருள்?

“வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனைக்குப் போனால் ஒருவர் ‘டிமென்ஷியா’ என்கிறார். இன்னொருவர் ‘அல்சைமர்’ என்கிறார். கடிதத்திலோ ‘மேஜர் நியூரோகாக்னிட்டிவ் டிஸ்ஆர்டர்’ என்று இருக்கிறது. இவை மூன்று நோய்களா?

இல்லை. டிமென்ஷியா என்பது ஒரு நிலை. அல்சைமர் அந்த நிலையை உண்டாக்கும் நோய்களில் ஒன்று. மூன்றாவது பெயர், டிமென்ஷியாவுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனது டிஎஸ்எம்-5 கையேட்டில் வைத்த புதுப் பெயர். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அது டிமென்ஷியா என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது.

இரண்டு முறைகளும் முதலில் மூன்று நிலைகளைப் பிரிக்கின்றன.

டெலிரியம்: சில மணி நேரத்தில் அல்லது சில நாள்களில் திடீரென வரும் குழப்பம். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்தின் விளைவு போன்றவை காரணமாகலாம். இது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

லேசான பாதிப்பு: நினைவோ சிந்தனையோ முன்பைவிடக் குறைந்திருக்கும். ஆனாலும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வார். இப்படி உள்ள எல்லாருக்கும் டிமென்ஷியா வந்துவிடுவதில்லை.

டிமென்ஷியா: பில் கட்டுவது, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கே பிறர் துணை தேவைப்படும் நிலை.

அடுத்தது காரணம். அல்சைமரில் பெரும்பாலும் புதிய விஷயங்கள் முதலில் மறக்கின்றன. இரத்தக்குழாய் வகைக்குப் பக்கவாதம், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றோடு தொடர்பு உண்டு. லூவி பாடி வகையில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். அவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் கடும் தீங்கு செய்யும். ஃபிரண்டோடெம்போரல் வகையில் மறதிக்கு முன்பே குணமும் பேச்சும் மாறலாம். ஆகவே, வகை தெரிவது சிகிச்சைக்கு முக்கியம்.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு முறைகளும் கேட்பது, ஒருவர் தமது முந்தைய நிலையிலிருந்து குறைந்திருக்கிறாரா என்பதைத்தான். பள்ளிக்கூடமே போகாமல் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி, எழுத்துச் சோதனையில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அதுவே நோய் ஆகிவிடாது. அதே பாட்டி நாற்பது ஆண்டுகளாக வைத்த குழம்பின் பக்குவத்தை இப்போது மறந்து தடுமாறுகிறார் என்றால், அது முக்கியமான தகவல். அதைச் சொல்ல வீட்டாரால் மட்டுமே முடியும்.

எனவே மருத்துவரிடம் போகும்போது, மாற்றம் எப்போது தொடங்கியது, எந்த வேலை கைவிட்டுப் போனது என்று எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் மறதியைத் தரும்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கடைசியாக இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “இது எந்த நிலை? காரணம் என்ன?”