நகைப்பும் மறதியும்: ‘த ஜெனரல்’ திரைப்படம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அங்கசேட்டை நகைச்சுவைப் படங்கள் வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியன அல்ல என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. பஸ்டர் கீற்றனும் கிளைட் புறூக்மனும் நெறிப்படுத்தி, 1926இல் படமாக்கப்பட்ட ‘த ஜெனரல்’ என்னும் மௌனப்படம் அவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

இப்படம் மெய்யான சம்பவமொன்றைத் தழுவியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்பிரல் 12ஆந் திகதி, ஜேம்ஸ் அன்ட்றூஸ் தலைமையில் வடபகுதியினர் சிலர், தென்பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜியா மாநிலத்தில் ‘ஜெனரல்’ என்னும் புகையிரத இயந்திரத்தைக் கடத்திச் சென்றனர். இருப்புப் பாதையையும் பாலங்களையும் அழிப்பதே அவர்தம் நோக்கம். முயற்சி தோல்வியுற்றது, அன்ட்றூஸ் உட்பட எண்மர் தூக்கிலிடப்பட்டனர். கடத்தலில் பங்குபற்றிய வடபகுதி வீரர் ஒருவரின் நூலே படத்துக்கு மூலம். கீற்றனோ கதையைத் தலைகீழாக்கி, இயந்திரத்தைப் பறிகொடுத்த தென்பகுதிச் சாரதியைக் கதாநாயகனாக்கினார்.

படத்தின் கவர்ச்சி அதன் மெய்ம்மையிலே தங்கியுள்ளது. காதலியால் ஒதுக்கப்பட்ட சாரதி, சில்லுகளை இணைக்கும் தண்டின்மீது சோர்ந்து அமர்கின்றான். இயந்திரம் நகர, அவனறியாமலே தண்டு அவனை உயர்த்தித் தாழ்த்துகின்றது. பின்னர், தப்பியோடும் வேளையில், உலைக்குச் சிறு குச்சியொன்றை இடும் அப்பெண்ணின் கழுத்தை நெரிக்க முனைந்தவன், மறுகணமே அவளை முத்தமிடுகின்றான். ஒரேகன் மாநிலத்தில், எரியும் பாலத்திலிருந்து ஆற்றினுள் வீழ்வதும் மாதிரியுருவன்று, உண்மையான இயந்திரமே. இத்தனைக்கும் நடுவே கீற்றனின் முகம் சிரிப்பதேயில்லை.

எனினும், குறைபாடுகளும் சிறியனவல்ல. இறுதிப் போர்க்காட்சியில், பீரங்கியருகே நிற்கும் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுடப்பட்டு வீழ்வது நகைப்புக்குரியதாக்கப்படுகின்றது. அதனினும் பாரதூரமானது வேறொன்று. 1860இல் ஜோர்ஜியாவில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடிமைகளாக இருந்தனர். மாநில மக்களில் ஐவரில் இருவருக்கு மேல். போரின் மூலகாரணமாகிய அந்த அடிமை முறை பற்றிப் படத்தில் ஒரு சொல்லேனும் இல்லை. தோற்ற தென்பகுதியைப் பரிதாபத்துடனும் பெருமையுடனும் நினைவுகூரும் மனப்பாங்கு 1920களில் வெள்ளையரிடையே பரவியிருந்தது. தென்பகுதியினரை வில்லன்களாகக் காட்டினால் இரசிகர் ஏற்கமாட்டார் எனக் கீற்றன் கருதினார். படம் அம்மனப்பாங்கைத் தோற்றுவிக்கவில்லை. ஆயின் அதற்கு இசைந்து சென்றது.

ஈண்டு ஒரு முரண்பாடு புலனாகின்றது. சீருடை, தண்டவாளம், இயந்திரம் ஆகியவற்றில் படம் காட்டும் நுணுக்கமே அதன் மௌனத்தை மறைக்கின்றது. கண்ட பொருள்கள் யாவும் மெய்யாயிருப்பதால், காணாதவை இருந்தனவென்ற நினைவே பார்வையாளனுக்கு எழுவதில்லை. விவரங்களின் துல்லியம் வேறு, வரலாற்று உண்மை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

1927இல் அமெரிக்க விமர்சகர் பலர் இப்படத்தை வரவேற்கவில்லை, வசூலும் ஏமாற்றமளித்தது. மறு ஆண்டு கீற்றன் பெருநிறுவனமொன்றில் இணைந்து தம் சுதந்திரத்தை இழந்தார். 1989இல், பேணப்படவேண்டிய அமெரிக்கப் படங்களின் முதற்பட்டியலில் இது இடம்பெற்றது. அக்கணிப்பு தகுதியானதே. நாமும் இதனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆயின் அந்தப் புகையிரதப் பாதையின் இருமருங்கும் பருத்தி பறித்தோர் யாவர் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.