பொறுத்திரு ஊர்

போர்ட் பிளேயரை ஒட்டிய புரோத்ராபூரில், தேநீர்க் கடை ஒன்றில் முதியவர் ஒருவர் எனக்கு அவ்வூரின் பெயர்க்காரணத்தைச் சொன்னார். "தம்பி, இது சுத்தத் தமிழ்ப் பேரு. கப்பல்ல வந்த கைதி, என்னை எப்ப விடுவீங்கன்னு கேட்டான். வெள்ளைக்காரன் தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல 'பொறுத்திரு'ன்னான். பொறுத்திரு ஊர்தான் புரோத்ராபூர் ஆச்சு." கடையில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்தேன்.

இடப்பெயர் ஆய்வில் இறங்கியோருக்கு இத்தகைய கதைகள் புதியன அல்ல. அந்தமானில் அவை மலிந்து கிடக்கின்றன. 'அந்த மான்' என்று பிரித்துப் பொருள் காணாத தமிழ்ப் பயணி அரிது. ராஸ் தீவில் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்வதால் சான்றும் கண்முன்னே நிற்கிறது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே இத்தீவுகளை 'அங்கமானைன்' என்று குறித்துவிட்டார். மான்களோ ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்டவை. பெயர் வந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே மான் வந்தது. அனுமனின் பெயரே 'அந்தமான்' ஆயிற்று என்னும் விளக்கம் நூல்களிலும் ஏறிவிட்டது. தெற்கே இலங்கைக்குத் தாவியவர் இவ்வளவு தொலைவு கிழக்கே வந்தது எதற்கு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

வைப்பர் தீவின் கதை இன்னும் சுவையானது. விரியன் பாம்புகள் நிறைந்திருந்ததால் அப்பெயர் என்று வழிகாட்டிகள் சொல்ல, பயணிகள் கால்களைச் சற்றே உயர்த்திக்கொள்வர். உண்மையில் 'வைப்பர்' என்பது 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் வந்த கப்பலின் பெயர். பாம்புக்கதை அச்சமூட்டுகிறது, ஆனால் அத்தீவில் அஞ்சத்தக்கது பாம்பன்று. செல்லுலார் சிறைக்கு முன்பே அங்கே சிறையும் தூக்குமேடையும் இருந்தன. வைசிராய் மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலி 1872 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டது அங்கேதான். இல்லாத பாம்பு, இருந்த தூக்குமரத்தை மறைத்துவிடுகிறது. கட்டுக்கதைகளில் எனக்குள்ள மனக்குறை இதுவே.

இனி புரோத்ராபூர். தண்டனைக் குடியேற்ற நிருவாகத்தில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய புரோத்தரோ என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரோடு 'பூர்' சேர்ந்ததே இது. பக்கத்து ஊர்களும் இவ்வாறே: ஸ்டூவர்ட் என்பவரால் ஸ்டூவர்ட்கஞ்ச், ஃபெரார் என்பவரால் ஃபெரார்கஞ்ச். முன்பாதி துரை, பின்பாதி இந்துஸ்தானி. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிளாக் கைதிகள் குடியேறிய ஊர்களில் மட்டும் நிலைமை வேறு. அவர்கள் தங்கள் மண்ணின் பெயர்களையே சுமந்து வந்தனர். ஆகவே தெற்கு அந்தமானில் இன்றும் ஒரு கோழிக்கோடும் ஒரு திரூரும் உண்டு. அவற்றுக்குக் கதை கட்ட எவருக்கும் தேவை ஏற்படவில்லை.

இவை அனைத்துக்கும் முன்னர் இவ்விடங்களில் அகா-பேயா மொழி பேசிய அந்தமானியர் வாழ்ந்தனர். ஒவ்வொரு கழிமுகத்துக்கும் மேட்டுக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. எட்வர்ட் ஹொரேஸ் மேன் தொகுத்த அகராதி 1923இல் நூலாக வந்தது. அம்மொழியைப் பேச இன்று எவருமில்லை. அவ்வூர்ப் பெயர்களைத் திரித்து வேடிக்கை செய்யக்கூட ஆளில்லை.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. அறிவிப்பு சோழர் கடற்படையையும் நினைவுகூர்ந்தது. முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயமும் மாநக்கவாரமும், அதாவது நிக்கோபாரும், வென்ற இடங்களாகவே வருகின்றன. சோழரிடம் தோற்ற அரசின் பெயரும் சோழரின் நினைவும் ஒரே ஊரில் வந்து சேர்ந்திருக்கின்றன. நூறாண்டுக்குப் பின் ஏதேனும் ஒரு தேநீர்க் கடையில் இதற்கு என்ன விளக்கம் சொல்வார்களோ!

அன்று நான் முதியவரிடம் புரோத்தரோவைப் பற்றி எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டவர், "அந்தத் துரை கதையில கைதி எங்க?" என்றார். விடை சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. 1858 மார்ச்சில் மருத்துவர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கியதிலிருந்து, இத்தீவில் கைதியின் வாழ்க்கை ஒருவகைக் காத்திருப்புதான். ஆண்டுக்கணக்கில் நன்னடத்தையோடு உழைத்தவனுக்கே அனுமதிச் சீட்டு. சீட்டுக் கிடைத்த பின்னரே சொந்தமாக உழுது உண்ணவும் மணம் புரியவும் உரிமை. சொற்பிறப்பு பிழை என்று எழுதிய என் குறிப்பை நான் அடிக்கவில்லை. அதன் கீழே, சீட்டு முறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன்.

எழுந்து புறப்பட்டபோது முதியவர் கடைசிச் சான்றையும் முன்வைத்தார். "செல்லுலார் ஜெயில் இப்ப காட்சிப் பொருள். நிஜ ஜெயில் எங்க இருக்கு? இதே புரோத்ராபூர்லதான்! போய்க் கேட்டுப் பாருங்க, உள்ள இருக்கறவன்கிட்ட இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவாங்க."